உள்மடிப்புத் திட்டம்

கூட்டத்தில் பேசியதைப் பேசியபடியே எழுதியிருந்தால் என் வேலை என்றைக்கோ போயிருக்கும். பேசியிருக்க வேண்டியதை எழுதுவதுதான் என் வேலை. குழந்தை நலத் திட்டமிடல் இயக்ககத்தில் பதினான்கு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். ஒருவர் கொட்டாவி விட்டால் ‘ஆழ்ந்து பரிசீலித்தார்’ என்று எழுதுவேன். இரண்டு பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டால் ‘பயனுள்ள கருத்துப் பரிமாற்றம்’. யாரும் வாயைத் திறந்து பேசாமல் பிஸ்கட்டுக்கு மட்டும் திறந்துவிட்டு எழுந்து போனால் ‘ஒருமனதாக ஏற்கப்பட்டது’. அந்த பிஸ்கட்டில் எனக்கும் பங்கு உண்டு. அது இடுப்பில் போய்ச் சேர்ந்தது.

அந்த இடுப்பால்தான் தையல்காரரைத் தெரியும். ஆபீஸுக்குப் பின் தெருவில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்கும் நடுவில், ஒரே அறை. வருடத்துக்கு ஒரு முறை என் பேண்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டு போவேன். பின்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டு வைத்திருக்கும் துணியை எடுத்து, இடுப்பைப் பெரிதாக்கித் தருவார். அவர் மனைவி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சட்டைகளின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். அவர்களுடைய ஒரே மகள் கட்டிங் மேஜைக்குக் கீழே வெட்டுத் துணிகளுக்கு நடுவில் இருப்பாள். அவளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, ஆனால் எல்லோரும் பட்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே விழுந்த பட்டன்களைப் பொறுக்கி நிறவாரியாகப் பிரித்து வைப்பது அவள் பொறுப்பு.

அவளுக்கு அப்போது நாலு வயது. இடது கால் பிறந்ததிலிருந்தே வலுவில்லாமல் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது, ஊன்றினால் நிற்காது. தரையில் தவழ்வாள், வெளியே போவதென்றால் அப்பாவின் இடுப்பு. டாக்டர் காலிப்பர் மாட்டச் சொல்லியிருந்தார். காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுவில் தோல்வார், முழங்காலுக்கு ஒரு பூட்டு, கீழே ஒரு ஷூ. ஆறு வயதுக்குள் மாட்டி நடக்கப் பழக்கினால் கால் நிமிர்ந்துவிடும், ஆறு தாண்டினால் எலும்பு இறுகிவிடும், அப்புறம் எதை மாட்டியும் பிரயோஜனம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வெளியில் வாங்கும் விலைக்குத் தையல் மெஷினை விற்றாலும் பாதிகூடத் தேறாது.

“எங்க ஆபீஸ்லயே அதுக்கு ஒரு திட்டம் இருக்கு. ‘நிமிர்ந்த நடை’ன்னு பேரு. எழுதிக் குடுங்க, கிடைச்சிடும்,” என்றேன்.

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அந்தத் திட்டத்தின் விளக்கப் புத்தகத்தை எழுதியவனே நான்தான். எழுதி எழுதி எனக்கே அதில் நம்பிக்கை வந்திருந்தது.

மறுநாள் காலை அவர் பட்டனைத் தூக்கிக்கொண்டு வந்தார். காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். எங்கள் கட்டடத்தின் முகப்பில் ‘குழந்தைகளே நம் செல்வம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு நேர் கீழே சின்ன எழுத்தில் ‘குழந்தைகளுக்கு அனுமதி இல்லை’ என்று இருக்கும். எப்போதோ ஒரு குழந்தை உள்ளே வந்து ஐந்தாண்டுத் திட்ட வரைபடத்தில் கிரேயானால் பூனை வரைந்துவிட்டதாம். அந்தப் பூனையைத் திட்டத்திலிருந்து நீக்க ஒரு வருடம் ஆயிற்று என்பார்கள். அதிலிருந்து இந்த விதி.

அளவுப் பிரிவு மூன்றாம் மாடியில். அளக்க வேண்டிய கால் வாசலில். அளவு அதிகாரி கீழே இறங்கி வர அவருடைய பணி விதிகளில் இடமில்லை. பட்டன் மேலே ஏற வாசல் விதியில் இடமில்லை. தையல்காரர் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, காவலாளியின் நாற்காலியில் மகளை உட்காரவைத்து, தொடையிலிருந்து குதிகால் வரை தானே அளந்தார். அளவு வந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி படியேறினார். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். அளவு அதிகாரி ஆபீஸ் ஸ்கேலை எடுத்து டேப்பை அளந்தார். பதினாறரை இஞ்ச் என்று எழுதிக்கொண்டு, டேப்பையும் வாங்கிக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார். மூல ஆவணமாம். தையல்காரர் போகிற வழியில் வேறு டேப் வாங்கிக்கொண்டு போனார்.

எட்டு மாதம் ஓடியது. பத்து நாளுக்கொரு முறை அவர் வந்து கேட்பார், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லி அனுப்புவார்கள். ஒன்பதாவது மாதம் வந்தபோது ஒரு தகவலும் கொண்டுவந்தார். மகள் ஒரு இஞ்ச் வளர்ந்துவிட்டாள், அளவை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். தையல்காரர் ஆயிற்றே, அளவு மாறினால் வாடிக்கையாளர் முன்கூட்டியே சொல்வதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டார்.

அளவுப் பிரிவு அலறிப்போனது. விஷயம் இயக்குநர் வரை போய் அவசரக் கூட்டம் கூடியது. எங்கள் இயக்குநரை நாங்கள் ‘ஆகவே’ என்போம். எந்தப் பேச்சையும் ‘ஆகவே’ என்றுதான் தொடங்குவார், முன்னால் காரணம் என்று ஒன்று இருக்காது. நல்ல உயரம், நல்ல குரல், தலைமுடி கலைந்து நான் பார்த்ததில்லை. குழந்தைகளுக்காகவே இருபத்தெட்டு வருடம் உழைத்தவர் என்று அவரைப் பற்றிய குறிப்பில் நான்தான் எழுதியிருக்கிறேன்.

“ஆகவே,” என்றார், “நாம திட்டம் போட்டது பதினாறரை இஞ்சுக்கு. நிதி கேட்டது பதினாறரை இஞ்சுக்கு. மேலிடத்துல ஒப்புதல் வரப்போறதும் பதினாறரை இஞ்சுக்கு. நாம எல்லாரும் ஒரு இடத்துல நிக்கிறோம், அந்தக் குழந்தை மட்டும் தன்னிஷ்டத்துக்கு வளந்துட்டுப் போனா எப்படி? ஒரு குழந்தைக்கு இடம் குடுத்தா நாளைக்கு எல்லாக் குழந்தையும் வளரும்.”

நான் எழுதினேன்: ‘பயனாளியின் கால், திட்ட இலக்கிலிருந்து விலகிச் செல்வது கவலையுடன் கவனத்தில் கொள்ளப்பட்டது.’

அன்றே தையல்காரருக்கு ஒரு குறிப்பாணை போயிற்று. முன் அனுமதி பெறாமல் பயனாளி வளர்ந்ததற்குக் காரணம் என்ன, அதைத் தடுக்கப் பெற்றோர் எடுத்த நடவடிக்கை என்ன, இனி இப்படி நேராது என்பதற்கு உத்தரவாதம் என்ன என்று மூன்று கேள்வி. அந்த வாசகமும் என்னுடையதுதான், நல்ல வாசகம் என்று பாராட்டு வேறு கிடைத்தது. பதில், அளவு எழுதும் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வந்தது: ‘சாப்பிட்டாள். தூங்கினாள். வளர்ந்துவிட்டாள். வேறு எதுவும் செய்யவில்லை.’

திருப்தியற்ற விளக்கம் என்று முடிவாகி, நேரில் ஆஜராகச் சொன்னார்கள்.

நீளமான மேஜை. ஒரு கோடியில் இயக்குநர், அவர் பக்கத்தில் ஆலோசகர். ஆலோசகர் என்பவர் வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்தவர், யார் எதைச் சொன்னாலும் அதை அம்புக்குறி போட்டுப் படமாக வரைந்துவிடுவார். மறுகோடியில் தையல்காரர். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு துணிப்பை. என்ன தப்பு செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனாலும் பையிலிருந்து பட்டனின் கவுனை எடுத்து மேஜைமேல் விரித்தார். மஞ்சள் நிறம், கீழ் ஓரம் மட்டும் கெட்டியாக இருந்தது.

“சார், வளர்ற பிள்ளைக்கு யாரும் அளவா தைக்க மாட்டோம். உள்ள மடிப்பு விட்டுத் தைப்போம். இதுல மூணு மடிப்பு வெச்சிருக்கேன், ஒரு மடிப்பு ஒரு இஞ்ச். பிள்ளை வளர வளர ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டா கவுன் கூடவே வளரும். அதே மாதிரி அந்தக் கம்பியையும் நீட்டிக்கிற மாதிரி செஞ்சீங்கன்னா, இல்ல ரெண்டு இஞ்ச் கூட வெச்சு செஞ்சீங்கன்னா...”

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றுபோனது. ஆலோசகர் கவுனைத் தன் பக்கம் இழுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார், போன் எடுத்துப் படம் பிடித்தார், உடனே அம்புக்குறி போட ஆரம்பித்துவிட்டார். இயக்குநர் எழுந்து வந்து தையல்காரரின் தோளில் கை வைத்தார்.

“ஆகவே, இத்தனை வருஷமா நாம தேடிட்டு இருந்தது இதுதான்.”

சரி, ஒரு நல்லது நடந்துவிட்டது, இனி கால் நிமிர்ந்துவிடும் என்று நினைத்தேன். அத்தனை வருடம் அங்கே உட்கார்ந்தவன் நான், அப்படியும் நினைத்தேன்.

அடுத்த மாதம் பெரிய ஓட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கம். தலைப்பு ‘உள்மடிப்பு அணுகுமுறை: குழந்தை நல நிதிக்கு ஒரு புதிய பாதை’. மேடையில் ஒரு தையல் மெஷின், அதற்குப் பூமாலை அலங்காரம். தையல்காரர் சிறப்பு விருந்தினர். அவருக்கு ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள், அதில் ‘துறை வல்லுநர்’ என்று இருந்தது. அவரைப் பாவாடை ஓரம் மடித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினார், நானூறு பேர் கை தட்டினார்கள். பட்டனைக் கூட்டி வரவில்லை. அந்த ஓட்டலில் மூன்று இடத்தில் படி இருந்தது, அதோடு அழைப்பிதழில் ‘குழந்தைகளைத் தவிர்க்கவும்’ என்று அச்சடித்திருந்தோம்.

இயக்குநரின் பேச்சை நான் மறக்க மாட்டேன்.

“ஆகவே, குழந்தை வளருது. அதை நாம தடுக்க முடியாதுன்னு அனுபவத்துல தெரிஞ்சுக்கிட்டோம். ஆனா நிதி வளருமா? வளராது. வளர்ற குழந்தைக்கு இன்னைக்கே செலவு பண்ணினா அது வீண் செலவு, ஏன்னா நாளைக்கு அந்தக் குழந்தை வேற அளவு. அதனால நிதியை உள்ள மடிச்சு வைக்கணும். குழந்தை வளர்ந்து முடியட்டும். முழுசா வளர்ந்து, இனிமே வளராதுன்னு உறுதியானப்புறம், அளவு துல்லியமா தெரியும். அப்ப பிரிச்சு விடுவோம். ஒரு பைசா வீணாகாது.”

கைதட்டல் ஓய நேரமாயிற்று. தையல்காரர் தனக்கு முன்னால் இருந்த மைக்கைப் பிடித்தார். அவர் மைக்கில் பேசுவது அதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும், மிகவும் கிட்டத்தில் வைத்துக்கொண்டார்.

“சார், நான் மடிச்சு வெச்ச துணி கவுன்லயேதான் இருக்கு. கவுன் பிள்ளை மேல இருக்கு. நீங்க கவுனையே உள்ள வெச்சு மடிச்சுட்டீங்களே. என் பிள்ளைக்கு இன்னும் பதினோரு மாசம்தான் சார் இருக்கு.”

மைக்கை ஒரு பெண் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் எழுதினேன்: ‘பார்வையாளர் பங்கேற்பு உற்சாகமாக இருந்தது.’

அதன் பிறகு நடந்ததை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. ‘நிமிர்ந்த நடை’ நிதியில் முக்கால்வாசி உள்ளே மடிக்கப்பட்டது. மடித்த நிதியைப் பாதுகாக்க உள்மடிப்புப் பிரிவு என்று ஒன்று வந்தது. அதற்கு ஒரு துணை இயக்குநர், நாலு கண்காணிப்பாளர், ஏசி அறை. மடித்து வைத்தது சும்மா கிடந்தால் பூச்சி அரிக்கும் என்று யாரோ கருத்துச் சொல்ல, அதிலிருந்தே அறைக்கு மேஜை வாங்கினார்கள், திரைச்சீலை வாங்கினார்கள். திரைச்சீலைகளின் ஓரத்தில் கொள்கைக்கு மரியாதையாக மூன்று மடிப்பு. வெளிநாட்டுத் துணி ஆலைகள் எப்படி மடிக்கின்றன என்று பார்த்துவர ஆறு பேர் போனார்கள். வந்தவர்கள் எனக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார்கள். தின்றேன். நல்ல சாக்லேட்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பேண்ட் கொடுக்கப் போனபோது பட்டன் மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மாமா, என் கம்பி எங்க இருக்கு?” என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறது என்றேன். அது நடந்து வருகிறதா என்று கேட்டாள். அவள் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டார். கவுனில் இரண்டாவது மடிப்பும் பிரித்து விட்டிருந்தது. பிரித்த இடத்தில் பழைய தையல் கோடு தெரிந்தது.

அன்று எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. என் குறிப்புகளை ஆபீஸில் யாரும் படிப்பதில்லை, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போடுவார்கள். அது எனக்குப் பல வருடமாகத் தெரியும். அந்த வாரக் கூட்டத்தில் ஆண்டு விழாவுக்கு எந்த நிறத்தில் பலூன் என்று இரண்டரை மணி நேரம் பேசினார்கள். அந்தக் குறிப்பின் நான்காம் பக்கத்தில், பலூனுக்கும் நன்றியுரைக்கும் நடுவில், பட்டனின் பெயர் போட்டு ஒரு வரி சேர்த்தேன். அவளுக்குக் காலிப்பர் உடனே செய்து வழங்க ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது என்று. இயக்குநர் பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், ஆர்டர் பட்டறைக்குப் போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

காலிப்பர் ஏழு வாரத்தில் வந்தது. பட்டனுக்கு ஆறு முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. வந்ததை ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் இயக்குநருக்குத் தெரிந்துவிட்டது, திட்டம் தொடங்கி ஐந்து வருடத்தில் முதல் காலிப்பர் அல்லவா, விழா வைத்துவிட்டார். விழாவுக்கு மட்டும் வாசல் விதியைத் தளர்த்தி, ‘ஒரு குழந்தைக்கு மட்டும் அனுமதி’ என்று ஒட்டினார்கள். தையல்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். பட்டன் அதே மஞ்சள் கவுனில் இருந்தாள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தார்கள். மேஜைமேல் வெல்வெட் துணியில் காலிப்பர் பளபளத்தது, அதன் சின்ன ஷூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

நாற்காலியில் உட்காரவைத்து மாட்டினார்கள். தொடையில் இருக்க வேண்டிய தோல்வார் முழங்காலுக்குக் கிட்டே நின்றது. முழங்காலில் மடங்க வேண்டிய பூட்டு கெண்டைக்காலில் இருந்தது. ஷூவுக்குள் பாதம் பாதிதான் போயிற்று. அளவு அதிகாரி ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்து, துல்லியமாகப் பதினாறரை இஞ்ச் என்று திருப்தியாகச் சொன்னார். கால் பத்தொன்பதரை.

நான் ஓடிப்போய் ஆர்டரை எடுத்துப் பார்த்தேன். என் வரி அங்கே இருந்தது, நான் எழுதிய அதே வரி. ‘கோப்பில் உள்ளபடி, காலிப்பர் உடனே செய்து வழங்க...’ கோப்பில் உள்ளபடி. எந்த வரியையும் நான் அப்படித்தான் தொடங்குவேன். பலூன் நிறத்தைக்கூட ‘கோப்பில் உள்ளபடி’ என்றுதான் எழுதியிருந்தேன். பட்டறைக்காரன் கோப்பைப் பிரித்திருக்கிறான், உள்ளே டேப் இருந்திருக்கிறது, இரண்டு வருடத்துக்கு முன் அவள் அப்பா கட்டைவிரலால் அழுத்திப் பிடித்த இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அவன் அதன்படி செய்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. நீட்ட முடியுமா என்று போனில் கேட்டேன். ஆணி அடித்து இறுக்கியது, நீளாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும், அதற்குப் புது ஆர்டர், புது அளவு, புது ஒப்புதல் வேண்டும் என்றான்.

திரும்பி வந்தபோது போட்டோக்காரர் தயாராக நின்றார். நிற்கவைத்து எடுக்க இரண்டு முறை முயன்றிருக்கிறார்கள், பட்டன் சரிந்து அப்பாவின் கையில் விழுந்திருக்கிறாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கண்ணில் நீர் கட்டியிருந்தது, ஆனால் அழவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டாள். இயக்குநர் தையல்காரரிடம் குனிந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆகவே, டெய்லர், நீங்க ஒரு சின்ன உதவி பண்ணணும். கவுனை இன்னும் கொஞ்சம் எறக்கி விட்டீங்கன்னா அந்தப் பூட்டு மறைஞ்சிடும். ஷூ மட்டும் தெரிஞ்சா போதும். ஊசி நூல் நாங்க ஏற்பாடு பண்றோம்.”

தையல்காரர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து கவுனின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று பழைய தையல் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, மஞ்சள் துணியில் வெளுத்துக் கிடந்தன. அதற்குக் கீழே நூல் பிரிந்த விளிம்பு மட்டும் இருந்தது.

“இனிமே விட துணி இல்ல சார். மூணு மடிப்பு வெச்சுத் தைச்சேன். உங்க ஆபீஸுக்கு நடந்து நடந்தே மூணும் தீந்துபோச்சு.”

அந்த அறையில் ஒரு மனிதருக்காவது முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். இயக்குநர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இதைக் குறிச்சுக்கோங்க,” என்றார். ஆலோசகர் ஒரு அம்புக்குறி போட்டார். போட்டோக்காரர் யாரும் சொல்லாமலே கேமராவைத் தூக்கி, இடுப்புக்கு மேலே எடுத்துக்கொண்டார். பட்டனைச் சிரிக்கச் சொன்னார்கள். கேட்ட மாத்திரத்தில் சிரித்தாள், பிள்ளைதானே.

அன்றைய குறிப்பில் நான் எழுதியது: ‘உள்மடிப்பு நூறு சதவீதம் பயன்படுத்தப்பட்டது.’ படத்துக்கு ஒரு வாசகம் கேட்டார்கள். இரண்டே வார்த்தையில் இருக்க வேண்டும், மனதைத் தொட வேண்டும் என்றார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சம்பளம் நின்றிருக்கும், அவ்வளவுதான். கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு துண்டு என் தட்டிலும் இருந்தது. யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஐந்தாண்டுக்கு நிதி இருமடங்காயிற்று.

இது நடந்து பத்து மாதம் இருக்கும். புது பேண்ட் துணி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பழையது எதிலும் விட இடமில்லை. அங்கே போகாமலே இருந்திருக்கலாம், ஆனால் என் இடுப்பு அளவு வேறு யாருக்கும் தெரியாது. எதிர்ச்சுவரில் எங்கள் ஆபீஸ் போஸ்டரில் பட்டனின் முகம், ஆள் உயரத்துக்கு, மஞ்சள் கவுனில் சிரித்துக்கொண்டிருந்தது, கீழே என் இரண்டு வார்த்தை. பட்டன் இப்போது கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அம்மா காஜா எடுத்தபடியே சொல்லிக்கொடுக்கிறார். கால் இறுகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“எ-ழு-ந்-து... எழுந்து. நி-ன்-றா-ள். எழுந்து நின்றாள்,” என்று படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “மாமா, நான் எப்ப நின்னேன்?”

அவள் அம்மாவின் ஊசி நின்றுவிட்டது. யார் எழுதினது இது என்று பட்டன் மறுபடி கேட்டாள். ஆபீஸில் எழுதியிருப்பார்கள் என்றேன்.

தையல்காரர் டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார், தொடை அளந்தார், உயரம் அளந்தார், சீட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார். என் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னார்.

வியாழக்கிழமை பேண்ட் தயாராக இருந்தது, கச்சிதமாகப் பொருந்தியது. மடித்துக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

“பின்னாடி மூணு விரல் உள்ள விட்டுத் தைச்சிருக்கேன் சார்,” என்றார். “நீங்க இன்னும் வளருவீங்க.”